பழைய செயற்கைப் புல்லைக் கழற்றிப் புதிதாக விரிப்பது: யாழ்ப்பாணத்து முற்றங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு முன்முற்றத்தில் விரித்திருந்த செயற்கைப் புல்லுக்கு நாலு வயதுகூட ஆகவில்லை. அதற்குள் விறாந்தைப் படிக்கு முன்னால் இழைகள் எல்லாம் படுத்துவிட்டன. கூரைப் பீலித் தண்ணீர் விழுகிற மூலையில் ஒரு பள்ளம். வேலிப் பக்கமாகக் கோரை துளைத்துக்கொண்டு வந்து தலைகாட்டியது. புதிதாக ஒரு றோல் வாங்கி, பழையதை உரித்துவிட்டு அதே இடத்தில் விரித்தால் சரி என்றுதான் நினைத்தேன். உதவிக்கு வந்த மேசன் அண்ணை ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “புல்லிலை பெரிசாப் பிழையில்லைப் பிள்ளை. கீழை ஒண்டுமே செய்யேல்லை. இதுக்கு மேலை எந்தப் புல்லை விரிச்சாலும் இப்பிடித்தான் வரும்.”

கீழே வெறும் செம்மண். அதன்மேல் ஒரு கறுப்புப் பொலித்தீன். அதன்மேல் புல். அவ்வளவுதான். முதல் தடவை விரித்துத் தந்தவர்கள் அரை நாளில் வேலையை முடித்திருந்தார்கள். பொலித்தீனில் தங்கிய மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் நாறியது, மண் இளகி இறங்கியது, பொலித்தீன் கிழிந்த இடமெல்லாம் கோரை ஏறியது. அந்த வேலையைத் திரும்ப ஒழுங்காகச் செய்து பார்த்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். இதில் பெரும்பகுதி புல்லுக்குக் கீழே இருப்பதைப் பற்றியது. பழையதைக் கழற்றும் நாள்தான் அதைத் திருத்தக் கிடைக்கிற ஒரே சந்தர்ப்பம்.

மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

இழை படுத்துக் கிடக்கிறது என்பதற்காக மட்டும் புல்லை எறிய வேண்டியதில்லை. சோளகக் காற்றுக் காலம் முழுவதும், அதாவது மே முதல் செப்ரெம்பர் வரை, எங்கள் ஒழுங்கைகளின் புழுதி இழைகளுக்கு நடுவில் போய்த் தங்குகிறது. விடியற்காலையில், வெயில் ஏறமுன், கெட்டியான நைலோன் தும்புத்தடியால் இழை சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிராகக் கூட்டிப் பாருங்கள். நிமிர்ந்து நின்றால் கொஞ்சம் மணல் தூவிவிட்டு இன்னும் ஓரிரண்டு வருஷம் வைத்திருக்கலாம்.

அடுத்தது நகச் சோதனை. வெயில் நன்றாக விழும் இடத்தில் ஒரு இழையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து நகத்தால் அழுத்தி இழுங்கள். நல்ல இழை வளைந்து திரும்பும். பழுதான இழை ஓலைச் சருகு மாதிரி முறியும். விரலில் பச்சைத் தூள் ஒட்டும். வெள்ளைத் துணியால் தேய்த்தாலும் அந்தத் தூள் தெரியும். இழைகள் பொலிஎத்திலீன், பொலிபுறொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் வகைகளால் ஆனவை. சூரியனின் புறஊதாக் கதிர் அவற்றின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. கதிரைத் தாங்கும் பொருள் சேர்த்துச் செய்த புல் பத்து வருஷமும் அதற்கு மேலும் நிற்கும். மேடை அலங்காரத்துக்கும் கடை யன்னலுக்கும் என்று செய்த மலிவுப் புல்லை யாழ்ப்பாண வெயிலில் போட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் தூளாகிவிடும். தூள் வரத் தொடங்கிய புல்லை ஒட்டுப்போட்டு வைத்திருக்காதீர்கள். அந்தத் தூள் மழையோடு நிலத்துக்குள் போகிறது. எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. பெரும்பாலும் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். கீழே இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல். மேலே ஊற்றுவது அதிகம் வடிபடாமலே கிணற்றுக்கு வந்து சேரும்.

மூன்றாவது, தண்ணீர்ச் சோதனை. பத்து லீற்றர் வாளியால் ஒரே இடத்தில் ஊற்றுங்கள். ஓரிரு நிமிஷத்தில் இறங்கினால் நல்லது. தேங்கி நின்றால் பக்கத்து விளிம்பைத் தூக்கிக் கீழே உள்ள நிலத்தில் நேராக இன்னொரு வாளி ஊற்றிப் பாருங்கள். நிலம் குடிக்கிறது என்றால் புல்லின் அடிப்பக்கத்துத் துளைகள் புழுதியால் அடைபட்டிருக்கின்றன. நிலமும் குடிக்கவில்லை என்றால் பிழை அடித்தளத்தில். விடையை ஒரு துண்டில் எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

எந்த மாதம்

பெப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் என் தெரிவு. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. வருஷத்து மழையில் பெரும்பங்கு எங்களுக்கு அப்போதுதான் கொட்டுகிறது. அந்த நேரம் அடித்தளம் இறுகாது, பசை பிடிக்காது. தைப் பொங்கலுக்குப் பிறகு மண்ணில் ஈரம் இன்னும் இருக்கும், மண்வெட்டி சுலபமாக இறங்கும், மழைக் கரைச்சலும் குறைவு. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தக்காரர் வருகிறார்கள் என்று ஆடி மாதத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். அப்போது நிலம் கல்லாக இறுகிக் கிடக்கும், சோளகம் புழுதியைப் பசைமேல் கொண்டுவந்து அப்பும். வேறு வழியில்லை என்றால் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு நிறுத்துங்கள். நேர் வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைத் தாண்டுவது சாதாரணம். அதில் முழங்கால் ஊன்றி வேலை செய்ய முடியாது.

எவ்வளவு இடத்துக்கு

பழையது கிடந்த அதே அளவுக்குப் புதியதும் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான் மூன்று இடத்தை விட்டுவிட்டேன்.

ஒன்று, பொங்குகிற இடம். முற்றத்தில் கோலம் போட்டு, கல் வைத்து அடுப்பு மூட்டும் இடத்தில் புல் இருந்தால் ஒவ்வொரு தையிலும் அதைச் சுருட்டி எடுக்க வேண்டும். எங்கள் பழைய புல்லில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுத்த வட்டம் இருந்தது. பாளை எரியும்போது தெறித்த ஒரு தணல் செய்த வேலை. இழைகள் உருகி, பிறகு இறுகி, தொட்டால் காலைக் கீறுகிற கட்டியாகிவிட்டன. இப்போது வாசலுக்கு நேரே ஆறடிக்கு ஆறடி வெறும் மண்ணாகவே விட்டிருக்கிறேன். சீனவெடியும் அங்கேதான்.

இரண்டாவது, கிணற்றடி. கிணற்றுக் கட்டிலிருந்து பத்தடிக்காவது புல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மரத்தடி. வேம்பும் மாவும் கொட்டுகிற பூவும் சருகும் இழைக்குள் போய் உக்கி, அதிலேயே விதை முளைக்கும். வேர் தடிக்கும்போது அடித்தளமும் எழும்பும்.

இன்னும் ஒன்றைப் பாருங்கள். புது வீடுகளில் யன்னலுக்குப் போடும் முகம் தெரிகிற மாதிரியான கண்ணாடி, வெயிலைத் திருப்பிப் புல்மேல் குவிக்கும். பழைய புல்லில் கோடாகவோ பட்டையாகவோ உருகிய அடையாளம் இருந்தால், பின்னேரம் மூன்று மணிபோல அந்த இடத்தில் நின்று சுற்றிப் பாருங்கள். எந்தக் கண்ணாடி கண்ணைக் கூசுகிறதோ அதுதான் காரணம். கண்ணாடிக்கு வெளியே ஒரு நிழல் மறைப்புப் போடாமல் புதியதை விரித்தால் அதுவும் உருகும்.

கணக்கு

இப்படி ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆறு மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம். கிட்டத்தட்ட 20 அடிக்கு 13 அடி, 24 சதுர மீற்றர். புல் றோல்கள் பெரும்பாலும் இரண்டு மீற்றர் அல்லது நாலு மீற்றர் அகலத்தில் வரும். நாலு மீற்றர் கிடைத்தால் மூட்டே தேவையில்லை. கொஞ்சம் விலை கூடினாலும் அதைத்தான் வாங்கச் சொல்வேன். இரண்டு மீற்றர் என்றால் இரண்டு துண்டும் நடுவில் ஒரு மூட்டும். நீளத்தில் இரண்டு முனையிலும் அரை அடி கூடுதலாக எடுங்கள். இரண்டு துண்டிலும் இழை ஒரே பக்கம் சாய வேண்டும் என்பதால் மிச்சத் துண்டுகளைத் திருப்பிப் போட்டு ஈடுகட்ட முடியாது.

அடித்தளத்துக்கு இறுகிய பிறகு இரண்டு அங்குலச் சல்லி: இறுக்கும்போது குறைவதையும் சேர்த்து அரைக் கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). மேலே ஒரு அங்குலக் கல்லுத்தூள்: கால் கியூப். இழைக்குள் போடும் மணல் சதுர மீற்றருக்கு ஆறு கிலோ என்றால் 144 கிலோ, 50 கிலோப் பையில் மூன்று. சுற்றளவு 20 மீற்றர். எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக அடித்தால் நூறு ஆணி. ஆறு அங்குல கல்வனைஸ் ஆணியாக வாங்குங்கள். உப்புக் காற்றில் சாதாரண ஆணி ஒரு மாரிக்குள் துருவழிந்து புல்லில் கறை போடும்.

புல்லைத் தெரிவு செய்யும்போது மேல் அழகைவிட அடிப்பக்கத்தைப் பாருங்கள். துண்டைத் திருப்பி, ஒரு இழைக் கொத்தைப் பிடித்து இழுங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் வேண்டாம். நீர் போகும் துளைகள் ஒழுங்காக உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உயரம் 25 முதல் 35 மில்லிமீற்றர் எங்கள் முற்றங்களுக்குப் போதும். அதற்கு மேல் உயர்ந்தது கடையில் பார்க்க வடிவாக இருக்கும், கால் படப் படப் படுத்துவிடும். சேர்த்துப் பிடித்தால் அடிப்பக்கம் தெரியாத அளவுக்கு அடர்த்தி இருப்பதுதான் முக்கியம்.

கழற்றுவது

இரண்டு பேர் இருந்தால் ஒரு காலையில் முடியும். கட்டர் கத்தியும் ஒரு பெட்டி பிளேட்டும், ஆணி பிடுங்கும் சுத்தியல், அலவாங்கு, தடித்த கையுறை, மூக்குக்கு ஒரு மறைப்பு, பழைய உரப்பைகள், பெரிய தறப்பாள் ஒன்று. வேலிக்கரையில் பாத்தீனியம் நின்றால் கையுறையோடு முதலில் அதைப் பிடுங்கிவிடுங்கள். தோலில் பட்டால் சிலருக்குக் கடும் அரிப்பு வரும்.

வேலையைக் காய்ந்த புல்லில் செய்யுங்கள். ஈரமென்றால் உள்ளிருக்கும் மணல் ஒட்டிக்கொண்டு பாரம் இரட்டிப்பாகும். காய்ந்தே சதுர மீற்றருக்கு எட்டு ஒன்பது கிலோ வரும். எங்கள் உதாரணத்துக்கு இருநூறு கிலோ. முழுதாகச் சுருட்டித் தூக்க நினைத்தால் நாரி பிடிக்கும்.

ஒரு மூலையில் தொடங்குங்கள். முதல் ஆணியைச் சுத்தியலால் நெம்பி, அடுத்ததுக்கு நகருங்கள். விளிம்பு ஒரு பக்கம் முழுதாக விடுபட்டதும் அதை இரண்டடி அளவுக்கு மடித்து, அடிப்பக்கம் மேலே தெரிய வையுங்கள். அடிப்பக்கத்திலிருந்துதான் வெட்ட வேண்டும். மேலிருந்து வெட்டினால் பிளேட் மணலில் பட்டு நாலு இழுவைக்குள் மழுங்கும், அறுந்த இழை முற்றமெல்லாம் பறக்கும். இரண்டடி அகலம், ஆறடி நீளம் என்ற கணக்கில் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தறப்பாளுக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து உதறுங்கள். மணல் கொட்டும். பழைய இழை தூளாகாமல் இருந்தால் அந்த மணலை அரித்துக் கழுவித் திரும்பப் பாவிக்கலாம். பச்சைத் தூள் கலந்திருந்தால் அதையும் பையில் கட்டுங்கள். தோட்டத்துக்குப் போடாதீர்கள்.

பிடுங்கிய ஆணிகளை எண்ணுங்கள். பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, நிலத்தை உரசுகிற மாதிரி முற்றம் முழுவதும் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த பதினொரு ஆணி ‘டிக் டிக்’ என்று வந்து ஒட்டின. வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் பத்து நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள்.

பழைய புல்லை என்ன செய்வது

எரிக்காதீர்கள். குப்பையை வளவு மூலையில் கூட்டிக் கொளுத்துவது எங்கள் ஊர்ப் பழக்கம். வேப்பஞ்சருகுக்கு அது சரி. இது பிளாஸ்ரிக், ரப்பர்ப் பால், சாயம் எல்லாம் சேர்ந்த பொருள். அதன் கரும்புகையைச் சுவாசிப்பது உங்கள் வீட்டாரும் அயலவரும்தான், சாம்பலும் உங்கள் கிணற்றடி மண்ணிலேயே தங்கும். புதைப்பதும் அதே கதை.

நல்ல துண்டுகள் மிஞ்சினால் பின்வாசல் கால்மிதியாக வெட்டிவைக்கலாம். ஆட்டுக்கொட்டிலுக்கோ கோழிக்கூட்டுக்கோ போட வேண்டாம்; ஆடு இழையைக் கடித்து விழுங்கும், கோழி கொத்தும். தூளாகும் துண்டுகளைச் சுருட்டி உரப்பையில் இறுக்கிக் கட்டி, உங்கள் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ முன்கூட்டிப் பேசி, எந்த நாளில் எங்கே எடுப்பார்கள் என்று கேட்டுக் கொடுங்கள். சொல்லாமல் ஒழுங்கை முகப்பில் கொண்டுபோய் வைத்தால் மாடும் நாயும் இழுத்து வீதியெல்லாம் பரப்பிவிடும்.

அடித்தளம்

இப்போதுதான் உண்மையான வேலை. கோரை முளைக்கக் காத்திருக்கும் கிழமைகளைச் சேர்க்காமல், அவசரமில்லாமல் ஒரு நாள் முழுதாக இதற்கு ஒதுக்குங்கள்.

வெறும் நிலத்தைப் பாருங்கள். எங்கே இறங்கியிருக்கிறது, எங்கே பாசி, எங்கே எறும்புப் புற்று, எங்கே கோரை. நிலம் இடத்துக்கு இடம் வேறு. கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கச் செம்மண் நீரை நன்றாக இறக்கும். மேற்பரப்பு மட்டும் மிதிபட்டு ஓடுபோல இறுகியிருக்கும். அலவாங்கால் ஆங்காங்கே குத்தி அந்த இறுகிய படையை உடைத்துவிட்டால் போதும். நாவாந்துறை, குருநகர் போல கடலேரியை ஒட்டிய தாழ்ந்த இடங்களில் மாரியில் நிலத்தடி நீரே மேலெழும்பும். அங்கே தோண்டாதீர்கள்; அடித்தளத்தை நிலத்துக்கு மேலே உயர்த்துங்கள். தீவுப்பகுதியில், கீரிமலையை ஒட்டிய இடங்களில், ஒரு சாணுக்குள்ளேயே கல் முட்டும். ஆணி இறங்காது, விளிம்புக்குக் கொங்கிறீட் கட்டுப் போட்டு அதில் பசையால் ஒட்டுவதே வழி. வடமராட்சி கிழக்கின் மணல்தரையில் நீர்ப் பிரச்சினை இல்லை, ஆனால் மணல் நகரும். அங்கே சல்லிக்கு அடியில் விரிக்கும் துணியும் விளிம்புக் கட்டும் இல்லாமல் ஒன்றும் நிற்காது.

கோரையை வெட்டினால் போகாது. அதன் கிழங்கு அரை அடி ஆழத்திலும் கிடக்கும். ஒரு கிழங்கு மிஞ்சினாலும் ஊசிமுனைக் குருத்து களைத்துணியையே துளைக்கும். தோண்டி, மண்ணை விரலால் உடைத்துக் கிழங்கைப் பொறுக்குங்கள். பிறகு தண்ணீர் தெளித்து இரண்டு கிழமை விட்டுவிடுங்கள். மிஞ்சியது முளைத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும், திரும்பவும் பொறுக்குங்கள். நான் மூன்று தடவை பொறுக்கினேன், மொத்தமாக ஒரு சுளகு நிறையக் கிழங்கு. பொறுமையில்லாமல் களைகொல்லி அடிப்பவர்கள் கிணறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அறுகுக்கும் இதே வைத்தியம்தான், கிழங்குக்குப் பதில் ஓடுவேர்.

பிறகு மூன்று அங்குலம் தோண்டி மண்ணை எடுங்கள். எடுத்த செம்மண் வாழைக்குப் போகட்டும். இப்போது சரிவு. வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக எட்டடிக்கு ஒரு அங்குலம் இறக்கம் வேண்டும். எங்கள் 13 அடி அகலத்துக்கு ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். வீட்டுப் பக்கம் ஒரு கட்டை, வெளிப்பக்கம் ஒரு கட்டை, நடுவில் நூல். நூலை நீர்மட்டத்தால் சமமாக்கிவிட்டு வெளிப்பக்கத்தில் அந்த அளவு இறக்கிக் கட்டுங்கள். இரண்டு மூன்று இடத்தில் இப்படி நூல் கட்டினால் கண்ணாலேயே மேடு பள்ளம் தெரியும். பீலித் தண்ணீரைப் புல்லில் விழவிடக் கூடாது. குழாய் வைத்து வேறு பக்கம் திருப்புங்கள், அல்லது மழைநீர்த் தொட்டிக்கு விடுங்கள். எங்கள் மூலைப் பள்ளத்துக்கு முழுக் காரணமும் அந்தப் பீலிதான்.

தோண்டிய நிலத்தை இறுக்கி, தண்ணீரை விட்டு மண்ணை மறிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை, ஒரு துண்டு அடுத்த துண்டின் மேல் ஒரு அடி வருகிற மாதிரி விரியுங்கள். பொலித்தீன் வேண்டவே வேண்டாம்; தண்ணீர் தேங்கினால் நாற்றம் மட்டுமல்ல, டெங்கு நுளம்புக்கும் அதுவே தொட்டில். துணிக்கு மேல் சல்லி. முக்கால் அங்குலத்திலிருந்து சிறியது வரை கலந்த கருங்கல் சல்லி நல்லது. குடாநாடு முழுதும் சுண்ணக்கல் என்பதால் கருங்கல் வெளியிலிருந்துதான் வர வேண்டும், விலையும் கூட. அதனால் பலர் மக்கியை, அதாவது உதிரிச் சுண்ணக்கல்லை, கொட்டிவிடுகிறார்கள். ஆழமான பள்ளத்தை நிரப்ப மக்கி சரி. ஆனால் நனைத்து இறுக்கினால் அது சீமெந்து மாதிரிக் கட்டி நீரை மறித்துவிடும். மேல் இரண்டு அங்குலத்துக்கு அதைப் பாவிக்காதீர்கள்.

சல்லியைப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, கொம்பக்டரை வாடகைக்கு எடுத்து மூன்று நாலு தடவை ஓட்டுங்கள். சின்ன இடமென்றால் கைத்திமிசு போதும், தோள்தான் வலிக்கும். அதன்மேல் கல்லுத்தூள், மாவாக இல்லாமல் விரலுக்கு உறுத்துகிற சிறுகல்லும் கலந்தது. ஒரு அங்குலம் பரப்பி, நீளமான மட்டப்பலகையை நூலின் சரிவுக்கு இழுத்துச் சமன் செய்து, திரும்பவும் தெளித்து இறுக்குங்கள். முடிந்ததா என்று அறிய வெறுங்குதிக்காலை ஊன்றி நடந்து பாருங்கள். தடம் பதிந்தால் இன்னும் இறுக வேண்டும். இறுகிய பிறகு பத்து லீற்றர் வாளியை மறுபடி கொண்டுவந்து ஊற்றுங்கள். முதலில் எழுதி வைத்த துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தச் சோதனை சரிவரும்வரை புல் றோலை அவிழ்க்கவே கூடாது.

விரிப்பது

றோலை முதல் நாள் பின்னேரமே விரித்து ஒரு இரவு கிடக்கவிடுங்கள். சுருட்டலின் நினைவு போய்த் தட்டையாகும். பிளாஸ்ரிக் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். நடுமத்தியானச் சூட்டில் விளிம்பைச் சரியாக வெட்டினால் இரவில் இடைவெளி விழும். ஆகவே கடைசி வெட்டுக் காலையில். வாசலில் நின்று பார்க்கும்போது இழை உங்களை நோக்கிச் சாய்ந்திருந்தால் பச்சை அடர்த்தியாகத் தெரியும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மினுக்கமும் வெளிறலும்தான்.

மூட்டில் கைநிதானம் வேண்டும். இரண்டு துண்டின் சேரும் விளிம்பிலும் வெளிப்புறத்து இரண்டு தையல் வரிசையை அடிப்பக்கத்திலிருந்து, வரிசைக்கும் வரிசைக்கும் நடுவால், நேராக வெட்டி எறியுங்கள். இரண்டையும் பசையில்லாமல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் விடும் இடைவெளி, துண்டுக்குள்ளே தையல் வரிசைகளுக்கு இடையில் உள்ள அதே இடைவெளியாக இருக்க வேண்டும். நெருக்கினால் மேடாக வரம்பு தெரியும், அகன்றால் கறுப்புக் கோடு. சரியென்று பட்டதும் இரண்டையும் ஒரு அடி மடித்து, நடுவில் மூட்டு நாடாவைச் சொரசொரப்பான பக்கம் மேலே வர வைத்து, வெளிப்புறத்துக்கான பொலியூரத்தேன் பசையை வளைகோடாகப் பூசுங்கள். ஒரு பக்கத்தை இறக்கி, மற்றதைச் சட்டையின் சிப் பூட்டுகிற மாதிரி ஒரு முனையிலிருந்து மெல்ல இறக்குங்கள். ஒருவர் விரலால் இழைகளை விலக்கிக்கொண்டே போக வேண்டும். பசையில் அகப்பட்ட ஒவ்வொரு இழையும் பிறகு கறுத்து நிற்கும். மேலே மணல் பைகளை வரிசையாக வைத்து அன்றிரவு ஆள் கால் படாமல் விடுங்கள். வீட்டு நாயையும் கட்டிவைக்க வேண்டும்.

விளிம்புக்கு மரச்சட்டம் வைக்காதீர்கள், கறையான் ஒரு வருஷம் விடாது. கல்லோ கொங்கிறீட்டோ நல்லது. ஆணியை அடிக்கும்போது இழையை விலக்கி, தலை அடித்துணியோடு ஒட்டும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். அதற்கு மேல் அடித்தால் குழி விழும்.

கடைசியாக மணல். அது இழையை நிமிர்த்திப் பிடிக்கும், காற்றில் விரிப்பு எழும்பாமல் பாரமாகவும் இருக்கும். கடற்கரையில் அள்ளி வருவது வேண்டாம். உப்பும் சிப்பித் துண்டும் ஆணியையும் காலையும் பதம் பார்க்கும்; அனுமதி இல்லாமல் மணல் அகழ்வதும் ஏற்றுவதும் குற்றம். குடாநாட்டில் அம்பன், வல்லிபுரம் பக்கத்தில் நல்ல சிலிக்கா மணற்படிவு உண்டு. அனுமதியோடு விற்பவரிடம் கழுவிக் காய்ந்த மணலாகக் கேட்டு வாங்குங்கள். ஒரேயடியாகக் கொட்டாமல், மூன்று தடவையாகத் தூவித் தூவி எதிர்ப்பக்கம் கூட்டினால் இழை அதற்கு நடுவால் எழும்பி நிற்கும்.

சீமெந்து நிலம், மேல்மாடி

இங்கே சல்லி வேலை இல்லை, ஆனால் பழைய பசை உண்டு. தகட்டுக் கரண்டியால் சுரண்டி, மிஞ்சியதை அரைக்கல்லால் தேய்த்து எடுங்கள். பெற்றோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கரைக்கப் போகாதீர்கள். தீயும் ஆபத்து, அதன் எண்ணெய்க் கசிவில் புதுப் பசையும் பிடிக்காது. மேல்மாடியென்றால் கீழ் அறைக் கூரையில் ஈரத்தடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புல் மூடிய பிறகு கசிவைக் கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம். நீர் ஓட இடம்விடும் பிளாஸ்ரிக் தட்டுகளைக் கீழே வைத்து, அதன்மேல் புல்லை விரித்து, விளிம்பை மட்டும் ஒட்டுங்கள். தண்ணீர் போகும் வாயை மூடிவிடாமல் அந்த இடத்துப் புல்லைத் தனித்துண்டாக வெட்டி, தூக்கிச் சுத்தம் செய்கிற மாதிரி வையுங்கள்.

முதல் வருஷம்

கிழமைக்கு ஒருதரம் எதிர்ப்பக்கமாகக் கூட்டுவது போதும். வெயிலில் குளிர்விக்க என்று கிணற்றுத் தண்ணீரை நாள்தோறும் அடித்தால், கேத்தலில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு இழையிலும் படியும். நாய் சிறுநீர் கழித்த இடத்துக்கு மட்டும் அன்றன்றே ஒரு வாளி.

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டும்போது குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி நில்லுங்கள். எங்காவது நீர் தேங்கினால் அந்த இடத்தின் ஓரத்தில் ஒரு ஈர்க்கைக் குத்தி அடையாளம் வையுங்கள். மழை விட்டு இரண்டு நாள் காய்ந்ததும் பக்கத்து நாலைந்து ஆணியைப் பிடுங்கி, விளிம்பைத் தூக்கி, அந்தப் பள்ளத்துக்கு இரண்டு சாந்தகப்பைக் கல்லுத்தூள் போட்டு இறுக்கி, அதே ஆணிகளை அடித்துவிடுங்கள். எங்கள் முற்றத்தில் ஒரே ஒரு ஈர்க்குத்தான் குத்த வேண்டி வந்தது, அதுவும் பழைய பீலி மூலையில்.